நிற்காத லாரி

பத்துக் காலால் ஓடும், ஒரு காலாலும் நடக்காது. ஊருக்கெல்லாம் சோறு சுமக்கும், தான் ஒரு பருக்கை தின்னாது. அது என்ன? லாரிதான்.

சங்ககிரியில் அப்படி ஒரு லாரியை ஓட்டியவர் ஒண்டிமுத்து. போன நடையில் கண் சொருகியதால், வழியில் ஓரங்கட்டி ஒரு மணி நேரம் தூங்கிவிட்டார். வண்டி நிற்பதை முதலாளி அர்த்தநாரி செல்போனில் ஜி.பி.எஸ். வழியாகப் பார்த்துவிட்டார். மறு லோடு ஏற்ற ஒண்டிமுத்து கிடங்குக்கு வந்ததும், எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் அவரிடம் கத்தினார்.

“இனிமே நாக்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி நிக்கக்கூடாது. நின்னா உனக்கு வேலை இல்லை!”

“சரிங்க முதலாளி. எப்ப இருந்துங்க?”

“இப்ப இருந்தே!”

ஒண்டிமுத்து லாரியில் ஏறி, கிடங்கு வாசலையே சுற்றிச் சுற்றி மெல்ல ஓட்டினார். ஜவ்வரிசி மூட்டைகளைச் சுமந்த லோடுமேன்கள் பின்னாலேயே ஓடினார்கள். மற்ற டிரைவர்கள் விசிலடித்தார்கள்.

“நிறுத்துய்யா! மூட்டை ஏத்த வேண்டாமா?” என்றார் அர்த்தநாரி.

“நிறுத்தினா வேலை போயிருமுங்களே! தூக்கம் வந்தா நிக்கலாம்னு எழுதிக் குடுங்க, நிறுத்தறேன்.”

அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டி, கதவோரமாக ஓடிக்கொண்டே எழுதி நீட்டினார்.

ஒண்டிமுத்து வாங்கிப் படித்தார். கையெழுத்து இல்லை. இன்னொரு சுற்றுப் போனார்.