வெறுங்கல்லில் நின்ற மீன்

“தொட்டி பளிங்கு மாதிரி இருக்கு ஸ்டெல்லாம்மா. ஆனா மீனு எட்டு நாளா எதையும் தொட மாட்டேங்குது.”

தணிகாசலம் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முறையிட்டார்.

ஸ்டெல்லா கொளத்தூரில் கடல் மீன் விற்கிற தூத்துக்குடிக்காரி. பெரியவர் ஓய்வு பெற்றபின் வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, தன்னைவிட இருபது வயது சின்னவளான இவளைக் குருவாக வரித்துக்கொண்டார். குரு பாதி நேரம் வாளியும் கையுமாகத்தான் இருப்பாள்.

“எந்த மீன் சார்?”

“கோமாளி மீன். ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை.”

“தொட்டியில என்ன செஞ்சீய?”

“சுத்தம் பண்ணேன். கல்லோட ஒட்டிக்கிட்டு வந்துச்சே, பச்சையா, பூ மாதிரி விரியுற பிராணி, அந்தச் சின்னச் சின்னக் கடல்சாமந்தி. விட்டா ஊரையே வளைச்சுப் போட்டுடும், பவளத்தையெல்லாம் சுட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க? சுண்ணாம்பைக் குழைச்சு, நீங்க குடுத்த ஊசியில ஏத்தி, ஒவ்வொண்ணு வாயிலயும் விட்டேன். ஒரே காலையில மொத்தமும் காலி.”

சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை அவருக்குக் கைவந்த கலை. முப்பது வருஷம் ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றிய அதிகாரி அவர்.

ஸ்டெல்லா வாளியைக் கீழே வைத்தாள்.

“அந்த மீன் எங்க படுக்கும்?”

“அதுலதான்.”

“எதுல?”

“அந்தப் பச்சையிலதான். வேற எதுல?”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஊசி குடுக்கும்போதே நான் இதக் கேட்டிருக்கணும் சார். தப்பு பண்ணிட்டேன்.”

“அதுக்கென்னம்மா? நான் அப்படியே விட்டுடலையே. பெரிய சாமந்தியா ஒண்ணு வாங்கி, அந்தக் கோடியில நல்ல வெளிச்சத்துல வெச்சிருக்கேன். ராஜா மாதிரி இருக்கலாம். போக மாட்டேங்குது. பழைய எடத்துக்கே போய் வெறுங்கல்லு முன்னாடி நிக்குது. இப்படியே போனா செத்துடும். ஏதாவது மருந்து குடுங்க.”

ஸ்டெல்லா மூலையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது எதுக்கு?”

“மீனுக்கு முன்னால போட்டு உக்காருங்க. அது எவ்வளவு நேரம் நிக்குதோ, அவ்வளவு நேரம்.”

“மருந்து?”

“நாளைக்குப் பேசலாம்.”

இதைவிட மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டு தணிகாசலம் முக்காலியோடு வீட்டுக்குப் போனார்.

உட்கார்ந்தார். பேப்பர் படித்தார். காபி குடித்தார். மீன் நின்றது.

ஒரு தடவை அது ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தது. வயிறு கல்லில் உரசியது. எழுந்து மறுபடி அதே இடத்தில் நின்றது.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை மூடி போட்ட வாளியோடு கடைக்கு வந்தார்.

“இது எங்கிட்ட இருக்க வேண்டாம்மா. நீங்களே வெச்சுக்குங்க.”

கடையின் பின்பக்கம் யாரும் வாங்காத கற்கள் கிடக்கும் ஒரு பழைய தொட்டி இருந்தது. அதில் ஒரு கல் முழுக்க அதே பச்சைச் சாமந்திகள். ஸ்டெல்லா மீனை அதில் விட்டாள்.

மீன் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு அந்தப் பச்சைக்குள் உடம்பை நுழைத்துப் புரண்டது.

அவள் ஒரு சிட்டிகை தீனி போட்டாள். மீன் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொழச்சுக்கும் சார்.”

“இது பொழச்சுக்கும்.”

“வேற எது?”

அவர் மீனையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆத்தோரம் ஒரு குடிசைப் பகுதிய எடுத்தோம். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் புது வீடு குடுத்தோம். மூணாவது மாடி, தண்ணி, கரண்டு எல்லாம் உண்டு. ஒரு அம்மா மட்டும் தினம் பஸ் ஏறி வந்து, இடிச்ச எடத்துல நிப்பாங்க. சண்டை போட மாட்டாங்க. எதுவும் கேக்க மாட்டாங்க. நிப்பாங்க.”

“நீங்க என்ன செஞ்சீய?”

“ஜீப்புலேருந்து எறங்காமலே காவலாளியக் கூப்பிட்டுத் தொரத்தச் சொன்னேன். மறுநாளும் வந்தாங்க.”

“அப்புறம்?”

“வேலி போட்டேன்.”

அவர் காலி வாளியின் மூடியை எடுத்து மூடினார்.

“நான் அந்தப் புது வீட்டுப் பக்கம் போகணும் ஸ்டெல்லாம்மா. அவங்க இன்னும் இருந்தா, ஒரு தடவையாவது எதிர்ல போய் நிக்கணும்.”

“இன்னைக்கே போங்க சார். பேரச் சொல்லிக் கேட்டா யாராச்சும் வீட்டக் காட்டுவாவ. அந்தம்மா பேரு என்ன?”

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

“எங்க லிஸ்ட்டுல கதவு நம்பர் நூத்திப் பதினாலு” என்றார்.