பரிசல்காரன் வீட்டு உலக்கை

"ஆசானே, இவங்க கையை நீங்களே பார்த்துடுங்களேன்," என்றான் ஏகாம்பரம்.

"ஏன், படிச்சது மறந்துபோச்சா?"

"மறக்கலை. பயமா இருக்கு."

வைத்தியர் சடையப்பர் வாசற்படியை விட்டு நகரவில்லை. "வாயால சொல்லு. நாடி எப்படிப் பார்க்கணும்?"

"மூணு விரலை லேசா வைக்கணும். அழுத்தக் கூடாது. கட்டைவிரல் படக் கூடாது, அதுக்குத் தனியாத் துடிப்பு உண்டு."

"எழுத்துப் பிசகாமச் சொல்றியே. அப்புறம் என்ன? பாரு."

கட்டிலில் பரிசல்காரன் குப்பாண்டியின் மனைவி காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாள். ஏகாம்பரம் தனியாகப் பார்க்கும் முதல் நோயாளி.

"சாமி, பொழச்சுக்குவாளுங்களா?" என்றான் குப்பாண்டி.

ஏகாம்பரம் கட்டிலருகே குனிந்தான். அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினான்.

நாடி தவளைபோலக் குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது.

படித்த நாடிப் பாட்டெல்லாம் ஒரே குரலில் சொன்னது: சாவு நாடி.

அதற்கு மருந்து ஒன்றுதான். பாஷாண உருண்டை. போகிற உயிரைப் பிடித்து நிறுத்தும். போகாத உயிரைக் கொண்டுபோய்விடும்.

தேனில் குழைத்தான். கிண்ணத்தை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"இரு," என்றார் சடையப்பர். "என் கையையும் பார்த்துடு."

பற்றிப் பார்த்தான். அதே தவளை.

"ஆசானே... உங்களுக்கும்..."

"எனக்குமா! அப்ப எனக்கும் ஒரு உருண்டை குழைச்சுடு."

"விளையாடாதீங்க, ஆசானே!"

"விளையாடலைப்பா. அந்த மூலையில உலக்கை சாய்ஞ்சு நிக்குது பாரு. அதுக்கும் பார்த்துடு."

குப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர்களையா நம்பி அழைத்து வந்தோம் என்றிருந்தது அந்தப் பார்வை.

ஏகாம்பரம் போய் உலக்கையைப் பிடித்தான்.

உலக்கை துடித்தது.

குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது.

குனிந்து பார்த்தான். மரத்தில் அழுந்திய கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது.

கிண்ணத்தை எடுத்துப் போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தான். கையைக் கழுவினான். கட்டிலருகே வந்து, தன் துடிப்பு அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மூன்று விரல்களை, தூங்குகிற குழந்தைமேல் வைப்பதுபோல வைத்தான்.

வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தான்.

"மருந்துங்க, சாமி?" என்றான் குப்பாண்டி.

"கஞ்சி வை."