கோத்தகிரி கேசட்

"எல்லா நோட்டும் வந்துடுச்சு, டீச்சர். அந்த மௌனம் மட்டும் எனக்கு வரமாட்டேங்குது," என்றார் ஞானாதிக்கம்.

"எந்த மௌனம்?"

"உங்க கேசட்ல வர்றது. நீங்க தனியா வாசிச்சது."

எஸ்மி டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே மூடுபனி தேயிலைச் சரிவை விழுங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

ஞானாதிக்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்த கை. டீச்சர் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் புதன்கிழமைதோறும் போத்தனூரிலிருந்து பஸ் ஏறி, மலைப்பாதையில் தலைசுற்றி, கோத்தகிரிக்கு வந்து அவர் முன்னால் பியானோ மாணவனாக உட்காருவார்.

டீச்சர் ஒரு காலத்தில் ஜாஸ் குழு நடத்தியவர். அந்தக் குழுவின் இசை எல்லோருக்கும் பிடிக்காது. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடையும். மெட்டு பாதியில் நின்று வேறொன்றாகும். அரங்கில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப்பேர் அடுத்த ஊருக்கும் பின்னாலேயே வருவார்கள்.

அவர் தனியாக வாசித்தது ஒரே ஒரு தடவை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே கோத்தகிரியில். மைக் செட்காரர் ஒருவர் அதை கேசட்டில் பிடித்து வைத்தார். உலகத்தில் அதற்கு ஆறோ ஏழோ பிரதிகள்தான் என்று இசைப் பித்தர்கள் சொல்வார்கள். ஈரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில், உடைந்த ஸ்பீக்கர்களுக்கு அடியில், ஒன்று ஞானாதிக்கத்துக்குக் கிடைத்தது.

கிடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. டீச்சரிடம் அவர் அதை இன்றுவரை சொன்னதே இல்லை. அந்தப் பேச்சை எடுத்த இரண்டு பேரை டீச்சர் வாசலோடு அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தார்.

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"வாசிங்க."

ஞானாதிக்கம் வாசித்தார்.

மூன்றாவது நிமிஷத்தில் இசை சட்டென்று அறுந்தது. அவர் கைகளை உயர்த்திப் பிடித்தபடி, உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கைகள் இறங்கின.

"நிறுத்துங்க சார். இப்போ என்ன பண்ணீங்க?"

"எண்ணினேன்."

"எதை?"

"விநாடியை. அந்த இடத்துல நீங்க முப்பத்தெட்டு விநாடி சும்மா இருக்கீங்க, டீச்சர்."

"நான் சும்மா இல்லை."

"பின்னே?"

"ஜெரோமைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

ஞானாதிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் குழுவில நாலு பேர். டிரம்பெட்டுக்கு ஜெரோம். சாக்ஸபோனுக்கு ஷுகூர். பேஸுக்கு வேலாயுதம். டிரம்ஸுக்கு கிளமென்ட். கச்சேரிக்கு முந்தின நாள், கோயம்புத்தூர்ல ஒத்திகை. கிளமென்ட் ஒரு மணி நேரம் தாமதமா வந்தான். நான் கத்தினேன். மத்த மூணு பேரும் அவனுக்குப் பரிஞ்சு பேசினாங்க. நாளைக்கு ஆறு மணிக்கு மேடையில இல்லாதவன் எனக்கு இனிமே வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். மறுநாள் பஸ் பிடிச்சு நான் மட்டும் மேலே வந்தேன்."

"அவங்க?"

"வேன்ல வர்றதா ஏற்பாடு."

வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"ஆறு மணி ஆச்சு. வரலை. ஆறே கால் ஆச்சு. நாலு பேரும் சேர்ந்துகிட்டு என்னைப் பழி வாங்கறாங்கன்னு நினைச்சேன். எண்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. சரின்னு நானே வாசிக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொருத்தன் முறை வரும்போதும் கையை எடுத்துட்டேன். இதோ, இந்த இடத்துல ஒருத்தன் வாசிக்கணும், வரலை பாருங்கன்னு. எண்பது பேர் முன்னாடி அவங்களை அசிங்கப்படுத்தணும். அதுக்குத்தான் அந்த மௌனம்."

"டீச்சர்..."

"கேட்டவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எஸ்மி மௌனத்தையே ஒரு வாத்தியமா வாசிச்சாங்கன்னு ஒரு பத்திரிகையில எழுதினாங்க."

"அவங்க ஏன் வரலை?"

"வந்துகிட்டுத்தான் இருந்தாங்க. மழை. வழியில மண் சரிஞ்சிருக்கு. ஆறு மணிக்குள்ள வந்துடணும்னு வேற பாதையில வேகமா ஓட்டியிருக்காங்க. ஒரு வளைவுல வேன் பள்ளத்துக்குள்ள போயிடுச்சு. அப்போ மணி அஞ்சரை. நான் அவங்களைத் திட்டிக்கிட்டு வாசிக்கும்போது அவங்க யாருமே உயிரோட இல்லை."

ஞானாதிக்கம் பியானோவின் வெள்ளைக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ தெரிஞ்சுது?"

"கைதட்டல் ஓய்ஞ்ச பிறகு. ஒரு போலீஸ்காரர் நனைஞ்ச தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். அரை மணி நேரமா வாசல்ல நிக்கறாராம். நல்லா இருந்துதாம். முடியட்டும்னு நின்னாராம்."

அதற்குப் பிறகு டீச்சர் மலையை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அது ஞானாதிக்கத்துக்கும் தெரியும். ஊர்க் குளிர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார் என்று நினைத்திருந்தார்.

"பிலோமினா போன பிறகு எனக்குத் தூக்கமே கிடையாது," என்றார் ஞானாதிக்கம். "முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. வீட்டுல எந்தச் சத்தமும் தாங்காது, சத்தம் இல்லாட்டியும் தாங்காது. உங்க கேசட்டைப் போடுவேன். அந்த மௌனம் வரும்போதுதான் எனக்கு மூச்சு வரும். பக்கத்துல யாரோ உட்கார்ந்து, நீ அழுதுக்கோன்னு சும்மா இருக்கற மாதிரி இருக்கும்."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அது கோபமா, டீச்சர்?"

"கோபம்தான். கலப்படமே இல்லாத கோபம்."

"இதை ஏன் எனக்குச் சொன்னீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க."

ஞானாதிக்கம் எழுந்தார். மப்ளரைச் சுற்றிக்கொண்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இரண்டு வருஷமாக அவரைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ காலடியிலிருந்து உருவிவிட்டது போல இருந்தது. இனி இங்கே வருவதில்லை என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அந்த கேசட்டை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

கதவு வரைக்கும் போய்விட்டார்.

"சார்."

நின்றார்.

"கேசட் பையிலதானே இருக்கு?"

"இருக்கு. டேப் ரிக்கார்டரும் இருக்கு. சந்தேகம் இருந்தா போட்டுக் கேட்கலாம்னு..."

"போடுங்க."

"நீங்க இதைக் கேட்டிருக்கீங்களா, டீச்சர்?"

"இல்லை. ஒரு தடவைகூட இல்லை."

ஞானாதிக்கம் திரும்பி வந்தார். டேப் ரிக்கார்டரை ஸ்டூல் மேல் வைத்து பொத்தானை அழுத்தினார். முதலில் இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு பியானோ. முப்பது வயது எஸ்மி, கட்டைகளைக் குத்திக் கிழிப்பது போல வாசித்துக்கொண்டிருந்தார்.

இசை அறுந்தது.

டீச்சர் பியானோவின் முன் உட்கார்ந்தார். வலது கையின் ஒரே ஒரு விரலால் ஒரு மெட்டை இழுத்தார். தள்ளாடித் தள்ளாடி மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் பிசிறடிக்கும் மெட்டு. கேசட்டில் எஸ்மி மறுபடி தொடங்குவதற்குச் சரியாக ஒரு விநாடி முன்னால் அது முடிந்தது.

"ஜெரோம்," என்றார் டீச்சர்.

அடுத்த இடைவெளியில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்தின. அது ஷுகூர். அதற்கு அடுத்ததில் இடது கை பியானோவின் அடிமட்டத்துக்குப் போய், கனத்த காலடிகள் போல மெல்ல நடந்தது. அது வேலாயுதம். டீச்சர் பெயர்களைச் சொல்லவில்லை. ஞானாதிக்கத்துக்குத் தெரிந்தது.

டீச்சரின் முகத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

நான்காவது இடைவெளி வந்தது.

இருப்பதிலேயே நீளமானது அதுதான். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. ஞானாதிக்கத்துக்கு அது மனப்பாடம்.

டீச்சரின் கைகள் உயர்ந்தன. உயர்ந்த கைகள் அங்கேயே நின்றன. எந்தக் கட்டையைத் தொடுவது? கிளமென்ட்டின் டிரம்ஸை பியானோவில் எங்கே தேடுவது?

டேப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து விநாடி. பத்து. அதற்கு மேல் ஞானாதிக்கம் எண்ணவில்லை.

பையைக் கீழே போட்டார். பியானோவின் பக்கவாட்டுப் பலகையின் மேல் குனிந்து, விரல் முட்டிகளால் தட்டினார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. வாழ்நாளில் அவர் டிரம்ஸ் தொட்டதில்லை. கை தாளத்தில் நிற்கவில்லை.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் பலமா, சார்."