பிடித்து வைத்த கம்பி

சிவசைலம் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார். பழைய கீபோர்டு, புரோகிராம் ஏற்றிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பக்கவாதத்தில் பேச்சை இழந்த மனைவி கோமதிக்காக அவரே செய்தது. அவள் அடிப்பதைப் பெட்டி சொல்லும். பாலிடெக்னிக் மாலை வகுப்பில் பெனிட்டா டீச்சரிடம் கற்ற வித்தை. டீச்சர் அவரைவிட இருபது வயது சின்னவள்.

“கீபோர்டு செத்துப்போச்சு டீச்சர். பிளக்கைப் பிடுங்கி மாட்டினா ஒரு வார்த்தை. அப்புறம் ஊமை.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டீச்சர் கீபோர்டை வேறொரு கம்ப்யூட்டரில் செருகினாள். எழுத்துகள் ஒழுங்காக வந்தன.

“உயிரோடதான் இருக்கு.”

“அப்போ வயரு?”

வயரிலும் பழுதில்லை. எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, ஒரு வார்த்தை பேசவிட்டு, கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் ஒரு கம்பியில் மீட்டரை வைத்தாள். பூஜ்யம் காட்டியது.

“இந்தக் கம்பியைப் போர்டு பிடிச்சு வச்சிருக்கு அண்ணாச்சி. அது விடுற வரைக்கும் கீபோர்டு எதையும் அனுப்பாது. புரோகிராம்ல என்ன மாத்துனீங்க?”

அவர் தயங்கினார். தன் கைவேலையைச் சந்தேகிப்பது யாருக்கும் கடைசியில்தான் தோன்றும்.

“ஒரு வார்த்தை அடிக்க அவளுக்கு ரொம்ப நேரமாகுது. பாவமா இருந்துச்சு. முதல் எழுத்து வந்ததும் மீதியைப் பெட்டியே ஊகிச்சுச் சொல்லுத மாதிரி எழுதினேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் கீபோர்டு பொறுத்துக்கிடணும்.”

“முடிச்சதும் கம்பியை விடணும்னு எழுதலையே.”

அவர் தலை குனிந்தார்.

“சரி, ‘த’ அடிச்சா?”

“‘தண்ணி’ன்னு சொல்லும். கொண்டுபோய்க் குடுப்பேன்.”

“அவங்க கேட்டது தண்ணிதானா?”

“குடிச்சிருவா.”

டீச்சர் அந்தப் பகுதியை அழித்துவிட்டு, புரோகிராமை மறுபடி போர்டில் ஏற்றினாள். பெட்டி பேசியது. சிவசைலத்துக்குச் சந்தோஷம் வரவில்லை.

“இப்போ கீபோர்டை மடியில வச்சாலும் தொடமாட்டேங்கா டீச்சர். சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிடுதா. சோறும் இறங்கலை. மனசு விட்டுட்டாங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. இதைக் கொண்டுபோய் வச்சா அடிப்பாளா?”

 டீச்சர் ஒரு துண்டு வயரால் அந்தக் கம்பியைப் போர்டின் கிரவுண்ட் முனையோடு சேர்த்து, மறுபடி பூஜ்யமாகும்படி பிடித்துக்கொண்டாள்.

“அவங்ககிட்ட என்ன சொல்லணுமோ அடிங்க.”

அவர் அடித்தார். பெட்டி சத்தமே போடவில்லை. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனார். கண்ணீர் விழுந்து எழுத்துக் கட்டைகள் நனைந்தன. ஒருவழியாக அவர் நிறுத்தியதும் டீச்சர் பிடியை விட்டாள்.

பெட்டி மளமளவென்று சில எழுத்துகளைச் சொன்னது. பிறகு நின்றுவிட்டது.

“மீதி எங்கே டீச்சர்?”

“கீபோர்டுக்கு உள்ளே கொஞ்சம் எழுத்துக்குத்தான் இடம் அண்ணாச்சி. பிடிச்சு வச்சிருக்கும்போது அதுக்கு மேல அடிச்சதை அது வச்சுக்கிடாது.”