ராசா தும்மினா மதகு திறக்காது

ஏழு கரடு தாண்டி எட்டாவது கரட்டுக்கு அடியில ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல பூவாத்தான்னு ஒருத்தி. அரைக்காணி வயலு, ஒரு எருமை, எதைக் கண்டாலும் ‘இது ஏன் இப்படி?’ன்னு கேக்குற வாயி. இவ்வளவுதான் அவ சொத்து.

அந்த வருசம் மழை ஏச்சுப்புடுச்சு. பயிரு பொதி கட்டி நிக்குது, ஒரு தண்ணி பாஞ்சாத்தான் நெல்லு, இல்லேன்னா பூராவும் பதரு. ஏரியில தண்ணி கிடக்கு. ஆனா மதகைத் திறக்கணும்னா ராசா தன் வாயால சொல்லணும். சொல்லும்போது தும்மிட்டாருன்னா அந்தச் சொல்லு அன்னைக்குச் செல்லாது. அது அந்த நாட்டு வழமை. ராசாவுக்கோ சளி புடிச்சு இருபது நாளாச்சு!

பூவாத்தா அரமனைக்குப் போனா. ராசா மூக்கு சிவந்து, கண்ணு கலங்கி உக்காந்திருக்காரு. பக்கத்துல ஏகாம்பர வைத்தியரு, கையில ஒரு வெள்ளி டப்பா. “மகராசா, மருந்து”ன்னு டப்பாவை மூக்குக்கிட்ட நீட்டினாரு. ராசா ஒரு இழுப்பு இழுத்துட்டு, “மதகைத் தி… அச்ச்!”

சபையே “நூறு! நூறு!”ன்னு ஆயுசு சொல்லி வாழ்த்துச்சு. மதகு திறக்கல.

மறுநாளும் போனா. அதே டப்பா, அதே இழுப்பு. “மதகைத் திற… அச்ச்!” “நூறு! நூறு!” மதகு திறக்கல.

மூணாம் நாளும் போனா. “மதகைத் திறந்து… அச்ச்!”

நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அழுதிருப்பீங்க. அவ அழல, கேட்டா.

“மகராசா, எனக்கொரு சந்தேகம். எனக்குச் சளி புடிச்சா ஏழெட்டு நாளு, எங்க வீட்டுக்காரருக்கும் ஏழெட்டு நாளு. மருந்தே திங்காத எங்க எருமைக்கும் அவ்வளவுதான். உங்களுக்கு மட்டும் ஏன் இருபத்துமூணு நாளு?”

வைத்தியருக்கு வந்துச்சே கோவம்! “ஏ பொம்பள! ராச மூக்கும் எருமை மூக்கும் ஒண்ணா?”

“ஓட்டை ரெண்டுதானுங்களே!”

ராசாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போட இருமலும் வந்துருச்சு. “சொல்லு தாயி, நீ என்ன பண்ணுவ?”

“அந்த டப்பாவை மூணு நாளைக்கு மூடி வைங்க. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வச்சு ஆவி புடிங்க, பானை மேல பட்டுராமப் பாத்து. வெதுவெதுன்னு உப்புத்தண்ணியில தொண்டையக் கொப்பளிங்க. மிளகு ரசம் சூடாக் குடிங்க. நல்லாத் தூங்குங்க. இதெல்லாம் சளியை வெரட்டாது சாமி, அது தானா வந்தது தானாத்தான் போகும். போற வரைக்கும் ஒடம்புக்குக் கொஞ்சம் சொகம், அவ்வளவுதான்.”

“ஆவி புடிக்கத் தலை குனியணுமே!”ன்னு வைத்தியரு கத்தினாரு. “ராசா யாருக்கும் தலை குனியக் கூடாது!”

“கம்பளிக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?”

ராசா சம்மதிச்சாரு. ஆனா பூவாத்தா விரலை மடக்கி நாளை எண்ணிக்கிட்டா. பயிரு இன்னும் மூணு நாளுதான் தாங்கும்.

முத நாளு ஆவி புடிச்சதுல மூக்கு ஒழுகுச்சு. ரெண்டாம் நாளு ஒரு பக்கம் திறந்துச்சு. மூணாம் நாளு ரெண்டு பக்கமும் திறந்துருச்சு! அப்பப் பாத்து வைத்தியரு ஓடி வந்து, “மகராசா, ஒரே ஒரு இழுப்பு”ன்னு குனிஞ்சாரு.

ராசா டப்பாவை மோந்து பாக்கல, வைத்தியரை மோந்து பாத்தாரு. மீசையை மோந்தாரு, கையை மோந்தாரு.

“யோவ், உம்ம மேல அயிரை மீன் கொழம்பு வாசம் அடிக்குதே! நெய்ச் சோறு வாசம் அடிக்குதே! எனக்குப் பத்தியம்னு கஞ்சியக் குடுத்துட்டு, என் சாப்பாட்டைக் காக்காய்க்குப் போடுறேன்னீரே?”

“அது… காக்கா மிச்சம் வச்சது மகராசா…”

“அப்படியா? அந்த மருந்தை நீரு ஒரு இழுப்பு இழும் பாப்போம்.”

இழுத்தாரு. அச்ச்! அச்ச்! அச்ச்! அம்புட்டும் மொளகாய் விதையும் புகையிலையும் இடிச்ச பொடி! ராசா மூக்கு திறந்தா மீன் வாசம் தெரிஞ்சிரும்னுதான் அந்த மனுசன் இத்தனை நாளா அதை அடைச்சே வச்சிருந்திருக்காரு.

ராசா எந்திரிச்சு நின்னாரு. சபையே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அன்னைக்கும் வந்து நின்ன பூவாத்தா கண்ணை இறுக்க மூடிக்கிட்டா.

“மதகைத் திறந்து விடுங்கடா!”

தும்மல் இல்ல. கணக்கா முழுச் சொல்லு! பொழுது சாயறதுக்குள்ள தண்ணி வாய்க்கால்ல சலசலன்னு ஓடியாந்து பூவாத்தா வயலுக்குள்ள பூந்துச்சு. அவ முழங்காலு வரைக்கும் சேத்துல நின்னுக்கிட்டு, பயிரு தண்ணி குடிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தா.

வைத்தியரு என்ன ஆனாரா? நாட்டுல யாருக்குச் சளி புடிச்சாலும் அவருதான் நடந்து போயி, நொச்சி ஒடிச்சு, அடுப்பு ஊதி, ஆவிப் பானை எறக்கி வைக்கணும்னு உத்தரவு. அந்த ஐப்பசியில நாட்டுல பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகுச்சு. ஊர் ஊரா நடந்து நடந்து அவரு தொந்தி போன எடம் தெரியல.

அடுத்தவன் நோவுல வயித்தை வளக்கக் கூடாது கண்ணுகளா. தண்ணி வயலுக்குள்ள போச்சு, கதை காதுக்குள்ள போச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.