இலையை எந்தப் பக்கம் மூடுவது?

சங்குமுனை நாட்டைக் கொற்றமல்லன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் சொன்னதே சரி என்று நினைக்கிற ராஜா. அதனால் அவர் காதருகே நிற்க அரண்மனையில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். பெரும்பாலும் ஜெயிப்பவர் மந்திரி ஒப்பிலாமணியார். நாட்டின் சம்பிரதாயம் முழுவதையும் தானே தலையில் சுமப்பதாக அவருக்கு நினைப்பு.

அந்த நாட்டுக்குக் கடல் தாண்டிப் பிழைக்க வந்தான் ருஸ்தம். கண்ணாடி வளையல் செய்வதில் கெட்டிக்காரன். கூடவே கர்ப்பிணி மனைவி. துறைமுகத்தருகே உலை போட்டான், ஊர்ப் பேச்சும் கற்றுக்கொண்டான். அவன் செய்த வளையல்கள் இளவரசிக்குப் பிடித்துப்போக, அவளுடைய நிச்சயதார்த்த விருந்துக்கு ராஜாவே அவனை அழைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. வயிறாரச் சாப்பிட்ட ருஸ்தம், எழுந்திருக்கும்போது வாழையிலையை எதிர்ப்பக்கமாக மூடிவிட்டான்.

"பார்த்தீர்களா, அரசே" என்று ஒப்பிலாமணியார் ராஜாவின் காதில் ஊதினார். "சாவு வீட்டில் மூடுகிற மாதிரி மூடுகிறான். கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் இந்த அபசகுனமா? நம் வழக்கம் தெரியாதவனுக்கு நம் நாட்டில் என்ன வேலை?"

மகள் கல்யாணம் என்றால் எந்தத் தகப்பனும் சகுனத்துக்குப் பயப்படுவான். ராஜாவும் பயந்தார். "நாளை சபையில் இவனைச் சோதிப்போம். வழக்கம் தெரியவில்லை என்றால் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்" என்றார்.

ருஸ்தம் பதறியடித்துக்கொண்டு சாத்தனிடம் ஓடினான். சாத்தன் அரசவை விகடகவி. ஒப்பிலாமணியாரைப் பார்த்துச் சிரிக்கத் தைரியமுள்ள ஒரே ஆள்.

"ஐயா, இந்தப் புயல் மாதத்தில் கப்பல் ஏறினால் என் மனைவி பிழைக்க மாட்டாள். உங்கள் வழக்கம் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுங்கள்."

"எல்லாவற்றையுமா? எங்களுக்கே தெரியாதே. சரி, தெரிந்ததைச் சொல்கிறேன், கேளும். வெளியே கிளம்புகிறவரிடம் 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்காதீர். போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். 'தூரமா?' என்று கேளும்."

"அப்படிக் கேட்டால் எங்கே என்று சொல்வார்களா?"

"சொல்ல மாட்டார்கள். 'இதோ, இப்படி' என்பார்கள். அது போதும். அப்புறம், சாப்பாட்டில் முதல் தடவை 'போதும்' என்றால் யார் காதிலும் விழாது. இரண்டாம் தடவையும் விழாது. இலைமேல் குப்புறப் படுத்தால்தான் பரிமாறுகிறவர் நகர்வார்."

"அதெல்லாம் இன்றே பட்டுவிட்டேன், ஐயா. இலையை எந்தப் பக்கம் மூடுவது? அதைச் சொல்லுங்கள்."

சாத்தன் சிரித்தார். "அதை மட்டும் என்னிடம் கேட்காதீர். நாளை இலையை மூடாமல் உட்கார்ந்திரும். சபையையே கேளும்."

மறுநாள் சபை கூடியதும் சாத்தன் எழுந்தார். "அரசே, வாய்ப்பேச்சில் என்ன சோதனை? இன்னொரு விருந்து போடுவோம். சபையோர் எல்லாரும் உட்காரட்டும். பக்கத்து இலையைப் பார்த்து இவன் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் இலைக்கு இலை நடுவே ஒரு கீற்றுத் தட்டி வைத்து மறைத்துவிடலாம்."

ஒப்பிலாமணியாருக்கு வாயெல்லாம் பல். "இதை நானே சொல்ல இருந்தேன்" என்றார்.

விருந்து முடிந்தது. தட்டிகளை எடுத்தார்கள்.

ஒப்பிலாமணியாரின் இலை அவர் பக்கமாக மூடியிருந்தது. அடுத்து உட்கார்ந்திருந்தவர் அவருடைய மாமனார், மேற்கே மலைப்பக்கத்துக்காரர். அவர் இலை எதிர்ப்பக்கம் மூடியிருந்தது. சேனாபதி இலையை மூடவே இல்லை. பெரியவர்கள் எழுவதற்கு முன் மூடுவது மரியாதை இல்லையாம். அரண்மனைப் புலவரின் இலையையே காணோம். சாப்பிட்டவர் தன் எச்சில் இலையைத் தானே எடுப்பது அவர் ஊர் வழக்கம். கையில் சுருட்டி வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார்.

ருஸ்தம் கை காய உட்கார்ந்திருந்தான்.

"நீ ஏன் மூடவில்லை?" என்று ராஜா கேட்டார்.

"நேற்று கேட்காமல் செய்து தப்பாகிவிட்டது, அரசே. இன்று கேட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். எந்தப் பக்கம் மூட வேண்டும்?"

"தன் பக்கம்" என்றார் ஒப்பிலாமணியார்.

"யார் சொன்னது, மாப்பிள்ளை?" என்றார் மாமனார். "எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் அப்படி மூடுவார்கள். உங்கள் கல்யாணத்தன்றே நீங்கள் அப்படித்தான் மூடினீர்கள். சம்பந்தி வீட்டோடு எதற்கு வம்பு என்று நான் பேசாமல் இருந்தேன்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மாமா. இப்போது சபையில்தான் சொல்ல வேண்டுமா?"

சேனாபதி குறுக்கே பேசினார். புலவர் இலைச் சுருட்டோடு எழுந்து நின்று பேசினார். சபை சந்தைக்கடையாகிவிட்டது. ராஜா மெல்லக் குனிந்து தன் இலையைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் மூடியிருந்தது. அவர் தாயார் வீட்டு வழக்கம் அது. நேற்றும் அப்படித்தான் மூடியிருப்பார், ராஜாவின் இலையை யார் குறை சொல்வது? சத்தமில்லாமல் அங்கவஸ்திரத்தை எடுத்து இலைமேல் போட்டார்.

சாத்தன் அதைப் பார்த்துவிட்டார். "அரசே, துறைமுகத்தில் நிற்பது சின்னக் கப்பல். முதலில் யாரை ஏற்றுவது?" என்று பணிவாகக் கேட்டார்.

ராஜா பதில் தேடுவதற்குள் ருஸ்தமுக்குப் பொறுமை போய்விட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

"நீங்கள் எல்லாரும் சொல்வது தப்பு. இலையை நீளவாக்கில் சுருட்டுவதுதான் சரி."

ஒப்பிலாமணியார் சீறினார். "உன்னை யார் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை."

"வாழையிலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வது தப்பு."

சாத்தன் ராஜாவைப் பார்த்துக் கை கூப்பினார். "அரசே, சோதனை முடிந்தது. தனக்குத் தெரியாத விஷயத்தில், யாரும் கேட்காமலே, அடுத்தவர் சொல்வது தப்பு என்கிறான். இனி இவனை வெளியூர்க்காரன் என்று யார் சொல்ல முடியும்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் அங்கவஸ்திரம் நழுவியது, இலையைச் சபை முழுவதும் பார்த்தது, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ருஸ்தம் இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்றும், அவன் மனைவிக்கு அரண்மனையிலேயே வளைகாப்பு நடக்கும் என்றும் உத்தரவு போட்டார். சாத்தனுக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்.

வளைகாப்பு விருந்தில் மட்டும் எல்லாருக்கும் தட்டில் சோறு போடச் சொல்லிவிட்டார்.