பூட்டு வியாபாரம்

வெண்ணாவூர் அமைச்சருக்கு ஊரின் நலத்தை அளக்க ஒரே வழிதான் தெரியும். கடைகளில் விற்பனை கூடினால் மக்கள் சுகமாக இருக்கிறார்கள் என்பார். அந்த ஆண்டு விற்பனை எக்கச்சக்கமாகக் கூடியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும்விட அதிகமாக விற்ற பூட்டுக்கடை மாசிலாமணியை அரசர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அரசே, நம் நாட்டின் வளர்ச்சியை நேரிலேயே பாருங்கள்!" என்றவர், மாசிலாமணியிடம் திரும்பினார். "என்னய்யா, வரும் ஆண்டு இதைப்போல் இரண்டு மடங்கு விற்றுக் காட்டு. இல்லையென்றால் உன் கடையை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவேன்."

மாசிலாமணி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஊரில் பூட்டு இல்லாத கதவே இல்லை. இனி யாரிடம் போய் விற்பது? ஆனாலும் கைகட்டிப் பணிவாகச் சொன்னான்.

"விற்றுவிடலாம் ஐயா. ஆனால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது."

"என் கையிலா?"

"தெருக் காவலர்களை உங்கள் மாளிகைக் காவலுக்கு அழைத்துக்கொண்டீர்களே, அன்றைக்கே திருட்டும் தொடங்கியது, என் வியாபாரமும் சூடு பிடித்தது. கடைத்தெருவில் மிச்சமிருக்கும் காவலரையும் அழைத்துக்கொள்ளுங்கள். மக்கள் ஆளுக்கு இரண்டு பூட்டாக வாங்குவார்கள். திருடர்களிடம் அடிபட்ட காயத்துக்குக் களிம்பு விற்கும் பக்கத்துக் கடைக்காரரும் உங்களை வாழ்த்துவார்."

அரசர் அமைச்சரை முறைத்துப் பார்த்தார். "கடை உன்னுடையதுதான், போய் வா" என்று மாசிலாமணியை அனுப்பினார். அன்று மாலையே காவலர்கள் எல்லோரும் தெருக்களுக்குத் திரும்பினார்கள்.

மக்கள் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார்கள். மாசிலாமணி ஊஞ்சல் சங்கிலி செய்யத் தொடங்கினான். அந்த மாதம் முழுக்க அவன் விற்ற பூட்டு ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கியவர் அமைச்சர்.